யாரிடம் விற்பது?

போன வாரம் யாரோ ஒரு புண்ணியவான் என்னை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்துவிட்டார். சில்லறைக் காசு விலையில் ஒரு பங்கு, பக்கத்தில் நாலு ராக்கெட் பொம்மை, "அடுத்த மல்டிபேகர் (போட்ட பணம் பல மடங்காகும் பங்கு), இன்றே கடைசி வாய்ப்பு" என்று ஒரே ஆரவாரம். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அட்மின் சார், நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்க?" ரெண்டு நிமிஷத்தில் என்னைத் தூக்கிவிட்டார்கள்.

கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இப்படி ஒன்றில் பணம் போட்டவன்.

அப்போது எனக்கு இருந்த நினைப்பு, விலை குறைவு என்றால் மலிவு என்பது. ஒரு பங்கு 1,000 ரூபாய் என்றால் யோசிப்பேன், 1 ரூபாய் என்றால் ஆயிரக்கணக்கில் வாங்கலாமே என்று கை பரபரக்கும். 1 விலையில் 100 கோடி பங்குகள் இருந்தால் அந்த நிறுவனத்துக்குச் சந்தை போட்டிருக்கும் மதிப்பு 100 கோடி. 1,000 விலையில் 1 லட்சம் பங்குகள் மட்டுமே இருந்தால் 10 கோடி. இரண்டும் ஒரே அளவு சம்பாதிக்கிற நிறுவனங்கள் என்றால், "மலிவு" என்று நான் வாங்கியதுதான் பத்து மடங்கு விலை. இந்தக் கணக்கைப் போடப் பள்ளிக்கூடப் பெருக்கலே போதும். நான் போடவில்லை.

வாங்கிய மூன்றாவது வாரம் திரையில் 70% லாபம். வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டதெல்லாம் தனிக் கதை. பாதியையாவது விற்போம் என்று ஆர்டர் போட்டேன். நகரவில்லை. அப்போதுதான் முதல்முறையாக வாங்குவோர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். விற்பவர் பக்கம் வரிசை நீண்டுகொண்டே போகிறது. வாங்குவோர் பக்கம் என் கையிலிருந்ததில் இருபதில் ஒரு பங்குக்குக்கூட ஆள் இல்லை, அதுவும் திரையில் தெரிந்ததைவிட ரொம்பக் கீழே. விலையை இறக்க இறக்க, எனக்கு முன்னால் இன்னொருவர் அதைவிட இறக்கினார்.

எனக்கு விற்றவர்கள் யார் என்று அதற்கப்புறம்தான் யோசித்தேன். சந்தையில் புழங்கும் பங்குகள் கொஞ்சம் என்பதால், அமைதியாகச் சேர்ப்பது சுலபம். தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று வால்யூம், அதாவது நிறையப் பங்குகள் கைமாறுவதுபோலக் காட்டுவார்கள். பிறகுதான் வீடியோ, குறுஞ்செய்தி, "நம்பகமான தகவல்" எல்லாம் வரும். நாம் வாங்க வாங்க, அவர்கள் விற்றுக்கொண்டே இருப்பார்கள். பம்ப் அண்ட் டம்ப் என்கிறார்களே, அது இவ்வளவுதான். விளம்பரம் நம்மைப் பணக்காரனாக்க வருவதில்லை. அவர்களுக்கு வாங்க ஆள் வேண்டும்.

இது ஒன்றும் புதுசில்லை. அமெரிக்காவில் 2000-ல் எஸ்.இ.சி. (அங்கே பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) நடவடிக்கை எடுத்தது ஒரு 15 வயது பள்ளி மாணவன்மீது. சின்னப் பங்குகளை வாங்குவது, வெவ்வேறு பெயர்களில் இணையத்தில் நூற்றுக்கணக்கான செய்திகள் போடுவது, விலை ஏறியதும் விற்பது. வட்டியோடு 2,85,000 டாலர் திருப்பிக் கட்டினான். ஒரு பையனால் தன் அறையில் உட்கார்ந்து இவ்வளவு முடிந்தது என்றால், பணமும் ஆளும் உள்ளவர்களை யோசித்துப் பாருங்கள்.

2014-ல் சிங்க் டெக்னாலஜி என்று அங்கே இன்னொரு பங்கு. வருமானம் சுழியம், ஊழியர் ஒரே ஒருவர். சில சென்ட்டுக்குக் கிடந்த பங்கு சில வாரங்களில் 20 டாலரைத் தாண்டியது. சந்தை மதிப்பு 400 கோடி டாலருக்கும் மேல்! ஜூலையில் எஸ்.இ.சி. வர்த்தகத்தை நிறுத்திவைத்தது, மறுபடி திறந்தபோது விலை பாதாளத்துக்குப் போனது.

சின்ன நிறுவனம் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. வளர்ந்தவையும் உண்டு. ஆனால் ஆண்டறிக்கையைப் படித்து, கடனையும் வருமானத்தையும் பார்த்து ஒருவர் தானாகத் தேடிப் போவது வேறு, பங்கே நம் போனைத் தேடி வருவது வேறு.

அப்படி வந்தால் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். காசு வாங்கிக்கொண்டு பங்கைப் புகழ்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அமெரிக்காவில் 1933-லிருந்தே சட்டம். "இதை வெளியிட எங்களுக்குக் கட்டணம் தரப்பட்டுள்ளது, எப்போது வேண்டுமானாலும் எங்கள் பங்குகளை விற்கலாம்" என்று அங்கே சில நேரம் அவர்களே எழுதியிருப்பார்கள். டெலிகிராம்காரர் அதையும் எழுத மாட்டார்.

என் பங்குகள்? இன்னும் கணக்கில்தான் இருக்கின்றன. விலை இறங்கும்போது "ஆவரேஜ் பண்றேன்", அதாவது வாங்கிய சராசரி விலையைக் குறைக்கிறேன் என்று இரண்டு முறை மேலும் வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வர்த்தகம் நின்று ரொம்ப நாளாகிறது. மாதாமாதம் ஸ்டேட்மென்ட் மட்டும் தவறாமல் வருகிறது.