400 போட்டதும் பொலிஷுக்குப் போகாதீர்கள்

மோட்டார் சைக்கிளின் அலுமினிய எஞ்சின் கவரை வீட்டிலேயே தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பது சரிதான். ஆனால் 400 வோட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சொரசொரப்பான தாள்; எண் கூடக் கூடத் தாள் மிருதுவாகும்) போட்டதும் நேரே பொலிஷுக்குப் போகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. மினுங்கும்தான், கீறலும் சேர்ந்து மினுங்கும்! 600, 800, 1200, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து, படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள். ஒன்று குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. முந்தைய தாளின் கீறல் எங்கே மிச்சம் என்று அப்போதுதான் கண்ணுக்குப் படும். சோம்பல்பட்டு ஒரு தாளைத் தாண்டினால் கடைசியில் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

பொலிஷ் போடும்போது துணி கறுப்பது அழுக்கால் அல்ல, உரிந்து வரும் அலுமினியத் துகளால். துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். கொஸ்டிக் சோடா பக்கமே போக வேண்டாம், அலுமினியத்தையே அரித்துவிடும்.

அப்புறம், நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மழைக்கும் மூடுபனிக்கும் பளபளப்பு சீக்கிரம் மங்கும். நன்றாகக் காயவைத்து மேலே மெழுகு பூசிவிடுங்கள். இதே உற்சாகத்தில் அம்மாவின் சோற்றுப் பானையின் உட்புறத்தில் கை வைக்காதீர்கள். அங்கே மங்கலாகப் படிந்திருக்கும் ஒட்சைட்டுதான் பானையைக் காக்கிறது.