பக்குவமாயிட்டா

பெரியப்பா மகளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம் கழித்து, மாமியாரோடும் மாமாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பார்க்க வந்த அத்தனை பேரும் மாற்றி மாற்றிச் சொன்னது ஒன்றுதான்: "எவ்வளவு பக்குவமாயிட்டா பாரேன்!" அக்காவுக்கு அப்போது 16 வயது, எனக்கு 14. வாய் ஓயாமல் பேசுகிறவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுவதற்குக்கூட மாமியார் முகத்தைப் பார்த்தாள். இதைத்தான் பக்குவம் என்றார்கள்.

மதியம் நான் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸை எடுத்து, ஒரு தாளில் வட்டம் போட ஆரம்பித்தாள். ஒரே மையம், சின்ன வட்டம், அதைச் சுற்றி இன்னொன்று, இன்னொன்று. மாமாவின் குரல் கேட்டதும் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது அந்த அவசரம்.

அதற்கப்புறம் அவளைப் பற்றி வந்த செய்தியெல்லாம் தலைவலி, வயிற்றுவலி, மயக்கம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். நார்மல் என்றால் என்ன அர்த்தம்? நடிக்கிறாள், வேலைக்குச் சோம்பேறித்தனம். மனச்சோர்வு உடம்பு வலியாக வெளிவரும் என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதுவும் இந்த வயதில் 'எனக்கு மனசு சரியில்லை' என்று சொல்ல வார்த்தை வராது, வயிறு வலிக்கிறது என்றுதான் வரும்.

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் சிறுமிகளுக்கு 18 வயதுக்கு முன்னாலேயே கல்யாணம் ஆகிறது என்பது யுனிசெஃப் கணக்கு. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிரசவ ஆபத்தைச் சொல்கிறோம், படிப்பு நின்றுபோவதைச் சொல்கிறோம். இரண்டும் நிஜம்தான். மனசைப் பற்றி மட்டும் பேச்சே வருவதில்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் மனச்சோர்வு அதிகமாகத் தெரிய ஆரம்பிப்பதே பருவமடையும் வயதை ஒட்டித்தான். யோசித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அந்த நேரத்தில் முன்பின் பழகாத வீடு, தன்னைவிட மூத்த ஆள், வேண்டாம் என்று சொல்ல முடியாத படுக்கை, உடனே குழந்தை எப்போது என்ற கேள்வி. பெரியவர்களே தடுமாறுகிற விஷயங்கள் இவை.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது தோழி இல்லாமல் போவது. பள்ளிக்கூடம் போனால் பாடத்தோடு கூட ஒருத்தி கிடைக்கிறாள். வீட்டில் சொல்ல முடியாததைக் காதோடு சொல்ல, காரணமே இல்லாமல் விழுந்து விழுந்து சிரிக்க. கல்யாணத்தன்றே அவளையும் பிடுங்கிவிடுகிறோம். புது வீட்டில் இவள் வயதில் யாருமே இல்லை. போன் இருந்தாலும் யாரோடு பேசினாய் என்று கேள்வி வரும். அம்மாவிடம் சொன்னால், 'அனுசரிச்சுப் போம்மா.'

பெற்றவர்கள் எல்லோரையும் அரக்கர்களாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. பெரியப்பா அப்படிப்பட்டவரும் இல்லை. வறுமை, போர், வெள்ளம் என்று எது வந்தாலும் பெண்ணை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றிவிடுகிறது. அப்பாவின் பயம் அன்றோடு தீர்ந்துவிடும், சரி. அந்தப் பயத்தோடு இனி ராத்திரி முழித்துக் கிடப்பது யார்?

சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குழந்தைத் திருமணத்துக்குச் சட்ட மதிப்புக் கூடாது என்று 1979லேயே ஐ.நா. உடன்படிக்கை எழுதிவிட்டது. 2030க்குள் இதை ஒழிப்பதாக உலக நாடுகள் இலக்கும் வைத்திருக்கின்றன. ஆனால் சட்டத்தின் கண் கல்யாண நாளிலேயே நின்றுவிடுகிறது. தடுத்தால் வெற்றி, தடுக்காவிட்டால் கோப்பு மூடிவிட்டது. ஏற்கெனவே கல்யாணமாகிப் போனவளை யார் பார்ப்பது?

அவள் தவறாமல் வந்து நிற்கிற ஓர் இடம் இருக்கிறது, கர்ப்பகாலப் பரிசோதனை. எடை பார்க்கிறார்கள், பி.பி. பார்க்கிறார்கள். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, 'தூங்குறியாம்மா? அழுகை வருதா? யாராவது அடிக்கிறாங்களா?' என்று ஐந்து நிமிடம் கேட்க எவ்வளவு செலவாகிவிடும்? அக்காவிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது வேறு. முதல் தடவை சொல்லமாட்டாள், மூன்றாவது தடவை வாய் திறந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் அவளிடம் அந்த வட்டங்களைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "உங்க வீட்டுக்கு வந்தேனா என்ன? அந்த வருஷமே எனக்கு ஞாபகம் இல்லடி." அப்புறம் தானாகவே, எழுதாமல் போன பரீட்சையின் ஹால் டிக்கெட் நம்பரைத் தடுமாறாமல் சொன்னாள்.