தோரணத்தைப் படிக்கிற ஊருக்கு ஓர் ஆய்விதழ்

குறிகளையும் அவற்றின் பொருளையும் மட்டுமே ஆராய்கிற குறியியல் இதழ்களில் உலகிலேயே பழையது பாரிஸில் பிறக்கவில்லை. 1964இல் எஸ்தோனியாவின் தார்த்து என்ற சின்ன நகரில், சோவியத் ஆட்சிக்குள், தணிக்கைக்கு நடுவே யூரி லோத்மன் என்ற குறியியல் அறிஞர் அதைத் தொடங்கினார். சர்வதேசக் குறியியல் சங்கத்தின் ‘செமியோட்டிகா’ இதழ் வந்ததே 1969இல்தான். தார்த்து இதழ் ரஷ்ய மொழியில் தொடங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, இன்றும் வருகிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

அப்படி ஒன்றைத் தமிழில், திருகோணமலையிலிருந்து நடத்தலாம் என்றால் ஏன் சிரிக்கிறீர்கள்?

திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் செதுக்கிய கல் இருக்கிறதே, அதையே எடுங்கள். பாண்டியர் சின்னம் என்பார்கள். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோயிலில் அந்த மீன் அரச முத்திரை. சுவர் கட்டியவனுக்கு அது வெறும் கட்டுமானக் கல். இன்று கோயிலுக்கு மலையேறும் நமக்கு அது சாட்சி. சுற்றுலா வந்தவரோ அதைக் கவனிக்காமல் மான்களைப் படமெடுத்துக்கொண்டு போகிறார். செதுக்கல் அப்படியே இருக்க, வாசிக்கிற பண்பாடு மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது. லோத்மன் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய விஷயம் இதுதான்.

அப்புறம், குருத்தோலைத் தோரணம். மடித்திருக்கும் விதத்தைப் பார்த்தே கல்யாண வீடா செத்தவீடா என்று நம் ஆட்கள் தெருமுனையிலேயே சொல்லிவிடுவார்கள். குறிக்குப் பொருள் தருவது மற்றக் குறியோடு அதற்குள்ள வேறுபாடு என்று ஜெனீவாவின் மொழியியலாளர் சொசூர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் அவர் ஊரில்கூடக் கிடைத்திருக்காது.

உடனே ஒருவர் வந்து, தொல்காப்பியத்தில் உள்ளுறை, இறைச்சி என்று மறைபொருளை வாசிக்கும் முறைகள் இருக்கின்றன, எல்லாம் எப்போதோ சொல்லியாயிற்று என்பார். சரி, சொல்லியாயிற்று. அதை வைத்து இன்றைய தேர்தல் சுவரொட்டியையோ மும்மொழிப் பெயர்ப்பலகையையோ வாசித்துக் காட்டிய கட்டுரைகள் எத்தனை? பழம்பெருமை பேசி வேலையிலிருந்து தப்பிக்கிறோம், அவ்வளவுதான்.

பணம் பெரிய தடையில்லை. ஆண்டுக்கு ஓர் இதழ், பிடிஎப் போதும். மொழியும் தொடர்பாடலும் படிக்கிற பிள்ளைகள் இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே இருக்கிறார்கள். நாம் பழகியதோ பாதிப் பக்கம் வாழ்த்துரை நிரம்பிய ஆண்டுவிழா மலர்களுக்கு. தெரிந்தவர் எழுதியதென்றாலும் ‘இது போதாது, திருத்தி அனுப்புங்கள்’ என்று திருப்பியனுப்ப இரண்டு பேர் வேண்டும். யாராவது முன்வந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். திருப்பியனுப்பப்படும் முதல் கட்டுரை என்னுடையதாக இருந்தாலும் பரவாயில்லை.