பழி பிராசசர் மேலே, பாவம் பிளாப்பி மேலே

பழைய டாஸ் பிசியில் புரோகிராம் கம்பைல் ஆக (எழுதிய சோர்ஸ் கணினி மொழிக்கு மாற) நேரமானதற்கு 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 8088 பிராசசர்தான் காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதி சரி. மீதிக் காரணம் பிளாப்பி, அதாவது சோர்ஸைச் சேமித்து வைக்கும் வளையும் காந்தத் தட்டு. 360 கேபி பிளாப்பி நிமிடத்துக்கு 300 சுற்று. ஒரு செக்டாரை (தட்டில் தரவு இருக்கும் ஒரு துண்டை) தவறவிட்டால் அது மறுபடி ஹெட்டுக்கு (டிரைவின் படிக்கும் முனைக்கு) அடியில் வர 0.2 வினாடி. டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் பஃபர்ஸ்=20 (படித்ததை ரேமில் வைத்துக்கொள்ள 20 இடம்) என்று ஒரு வரி சேர்த்தாலே டிரைவின் கரகரப்பு குறையும். டாஸ் 3 என்றால் விடிஸ்க் (ரேமின் ஒரு பகுதியை டிஸ்க் போல ஆக்குவது) போட்டு சோர்ஸை ரேமுக்கு மாற்றலாம், பறக்கும். ஆனால் எங்கள் சென்னைத் தண்டையார்பேட்டையில் கரண்ட் போனால் ரேமில் இருந்த எல்லாம் போச்சு. அதனால் ஒவ்வொரு கம்பைலுக்கு முன்னும் பிளாப்பியில் ஒரு காப்பி.

கட்டுரை தொடாத இன்னொன்று, பூஞ்சை. ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கடல் ஈரத்துக்கு அது சீக்கிரம் பிடிக்கும். உறையின் நீள்துளையில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்த பிளாப்பியை டிரைவில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்துப் போடும் பிளாப்பிகளையும் கெடுக்கும். போட்டாயிற்றா? ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, நார் விடாத துணியால் ஹெட்டைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும்.

ஆனால் பின்னால் வந்த 1.2 எம்பி டிரைவில் திருத்தி எழுதிய 360 கேபி பிளாப்பியைப் பழைய டிரைவ் படிக்காவிட்டால் பூஞ்சையைத் திட்டாதீர்கள். புது டிரைவின் ஹெட் குறுகல்; பழைய பதிவு தடத்தின் (தரவு எழுதும் வட்டத்தின்) ஓரத்தில் மிஞ்சி, பழைய டிரைவின் அகல ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். எழுதாத புது பிளாப்பியை 1.2 எம்பி டிரைவில், ஃபார்மட் கட்டளையோடு /4 (360 கேபி என்று சொல்லும் குறி) கொடுத்து ஃபார்மட் செய்தால் பழைய டிரைவ் பெரும்பாலும் படிக்கும்.