டியூப் போட்டால் எல்லாம் முடிந்ததா?

உணவுக்குழாயில் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் பேச்செல்லாம் கட்டியைப் பற்றித்தான். எந்த ஸ்டேஜ், திருவனந்தபுரம் ஆர்சிசி என்கிற புற்றுநோய் மையமா சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியா, ஆபரேஷன் உண்டா இல்லையா. இதற்கு நடுவே ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கூட இருக்கிறவர்களின் முதல் வேலை எடையைக் காப்பாற்றுவதுதான். எடை சரிந்த உடம்பு கீமோவைத் தாங்காது, ரேடியேஷன் நடுவில் நின்றுபோகும், ஆபரேஷன் செய்தாலும் தையல் சேர நாளாகும். வாரம் ஒருமுறை, ஒரே எடை மெஷினில், காலையில் எடை பார்த்துத் தேதி போட்டு எழுதுங்கள். டாக்டரிடம் "கொஞ்சம் மெலிஞ்சுட்டாங்க" என்று சொல்வதைவிட "மூணு வாரத்துல 54 கிலோ 50 ஆயிட்டு" என்று சொன்னால் காரியம் நடக்கும்.

நம்ம குமரி மாவட்டத்தில், களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் "நெஞ்சுல தங்குது, எறங்க மாட்டேங்கு" என்று ஒருத்தர் சொன்னால் கேஸ் மாத்திரைதான் முதலில் கைக்கு வரும். முதலில் இறைச்சியும் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் தங்கும், அப்புறம் சோறு, பிறகு கஞ்சி, கடைசியில் எச்சில்கூட இறங்காது. கஞ்சிக்கே சிரமம் என்றால் குழாய் பெரும்பகுதி அடைத்திருக்கும். விழுங்கும் சிரமம் இரண்டு வாரம் நீடித்தால் எண்டோஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும். பீடி, குடி, புகையிலை போட்ட வெற்றிலை என்று பழக்கம் உள்ளவர் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இனி டியூப், அதாவது வாயால் இறங்காதபோது உணவை உள்ளே செலுத்துகிற குழாய். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போவது ரைல்ஸ் டியூப். வயிற்றுச் சுவரில் துளையிட்டு நேரே சிறுகுடலுக்குள் வைப்பது ஜெஜுனாஸ்டமி. "டியூப் போட்டா முடிஞ்சுது" என்று பயந்து தள்ளிப்போடுகிற குடும்பங்கள் ஏராளம். அந்தத் தாமதத்தில் உருகிப்போகிற சதையைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. முதல் சந்திப்பிலேயே "டியூப் தேவைப்படுமா, எப்போ?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். சிகிச்சை முடிந்து விழுங்கல் திரும்பிய பலருக்கு அதை எடுத்தும் விடுகிறார்கள்.

கணக்கு இதுதான். 50 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 1250 முதல் 1500 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். கஞ்சித் தெளிவில் இது வராது. ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி குழந்தைக்கு நல்லதுதான், ஆனால் அதில் பெரும்பாலும் மாவுச்சத்துதான். ஆறினால் கெட்டியாகி டியூபையும் அடைக்கும். ரைல்ஸ் டியூபுக்கு 200 மி.லி. பாலில் ஒரு மேசைக்கரண்டி வறுத்த மாவைக் காய்ச்சி, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்தால் ஏறக்குறைய 250 கலோரி. ஆறு வேளைக்கு 1500. ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு முட்டையை நன்றாக வேகவைத்து, கொடுக்கிற வேளைப் பாலில் மிக்ஸியில் அடித்துச் சேர்த்தால் புரதமும் 60-ஐ ஒட்டி வந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் டயட்டீஷியன் சொன்னபடி மாற்றுங்கள். எதையும் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். காய்ச்சியது வெளியே இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

பத்து நாளாக ஏறக்குறையப் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே இந்த முழு அளவைக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். பாசத்தில் நடக்கிற தப்பு இது. தொடக்க அளவு ஆஸ்பத்திரி சொன்னதுதான்.

ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஊற்றும் முன் மூக்கோரத்தில் டியூபில் உள்ள குறி இடம் மாறியிருக்கிறதா பாருங்கள். மாறியிருந்தாலோ, ஊற்ற ஊற்ற இருமினாலோ நிறுத்திவிடுங்கள், டியூப் இருக்கும் இடத்தை ஆஸ்பத்திரியில் சரிபார்க்கும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல் உயர்த்திப் பிடித்து, 200 மி.லி.யை 15 நிமிடத்தில் தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் 30 மி.லி. வெந்நீர், கை பொறுக்கும் சூட்டில். அடைத்தால் அதே வெந்நீரை 50 மி.லி. சிரிஞ்சில் மெதுவாக ஏற்றி இழுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடுதல், டியூப் வெடித்துவிடும். கோலா ஊற்றச் சொல்வார்கள். அதன் புளிப்பில் பால் திரிந்து அடைப்பு இன்னும் இறுகும். கம்பி விடவே கூடாது. மாத்திரையில் எதைப் பொடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பான்டோபிரசோல் போன்ற மேல்பூச்சு உள்ளதைப் பொடித்தால் மருந்தும் வீண், டியூபும் அடைபடும்.

ஜெஜுனாஸ்டமி வேறு. குடலுக்கு வயிறு மாதிரி பிடித்து வைக்க இடமில்லை; ஒரேயடியாக ஊற்றினால் வயிற்றுவலி, பேதி. டிரிப் போல மெதுவாகத்தான் போக வேண்டும், உணவும் அவர்கள் சொல்வதுதான். அந்த டியூப் கழன்றுவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். விடியட்டும் என்று இருக்காமல், கழன்ற டியூபையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

ஆபரேஷனுக்கு முன் பலருக்குக் கொடுக்கும் ஒரு முறையில் ரேடியேஷன் 23 நாள், கூடவே வாரம் ஒரு கீமோ என்று ஐந்து வாரம். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் விழுங்கல் முன்னைவிட மோசமாகும். உணவுக்குழாயின் உள்தோல் வெந்து புண்ணாவதால் வருவது அது. கட்டி வளர்ந்துவிட்டது என்று பயந்து பாதியில் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். வலிக்கு மருந்து கேளுங்கள். வாய்வழி எதுவும் போகாவிட்டாலும் ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சோடா உப்பு கலந்து நாலைந்து முறை கொப்பளிக்கட்டும். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரி.

சிகிச்சைக்குக் கேரள எல்லை தாண்டிப் போகிறவர்களுக்குச் சில. பயாப்சி ரிப்போர்ட் மட்டும் போதாது, பரிசோதனைக்கு எடுத்த சதை இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அதற்காகத் திரும்ப வர வேண்டியிருக்கும். நம்ம முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதைச் சேரும் முன்பே அங்குள்ள கவுண்டரில் கேளுங்கள். ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி கையெழுத்து வேண்டும். திருவனந்தபுரம் போகிற வழியில் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் தினமும் போய்வருவதைவிட, முடிந்தால் அந்த ஐந்து வாரமும் ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை எடுத்துத் தங்குங்கள். நர்ஸ் மலையாளத்தில் வேகமாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன் அவர் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே டியூபில் ஊற்றிக் காட்டுங்கள்.

"இன்னும் ரெண்டு வாய் குடிங்கப்பா" என்று கெஞ்சுவதை நிறுத்துங்கள். இறங்காத இடத்தில் திணித்தால் நுரையீரலுக்குப் போகும். டியூபில் கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தால் வாய்க்கு எதுவும் கட்டாயமில்லை. மற்றவர்கள் சாப்பிடும்போது அவரைத் தனியறையில் வைக்கிறதா, கூட உட்கார வைக்கிறதா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம், அவரிடமே கேளுங்கள். மீன்கறி வாசனைக்காகவே வந்து உட்காருகிறவர்களும் உண்டு, எழுந்து போகிறவர்களும் உண்டு.