மார்வாரியை இந்தி என்று எழுதும் கணக்கு

எங்கள் தெரு அடகுக் கடையில் நகையை மீட்கக் காத்திருந்தபோது, கடைக்காரர் தொலைபேசியில் ஊராரோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் அதை இந்தி என்றார். ஆனால் இந்தியின் ‘மேரா’ (என்னுடைய) வர வேண்டிய இடத்தில் ‘ம்ஹாரோ’ என்றும், ‘தேரா’ (உன்னுடைய) வர வேண்டிய இடத்தில் ‘தாரோ’ என்றும்தான் என் காதில் விழுந்தது. அது ராஜஸ்தானின் மார்வாரி மொழி. பொது இந்தியில் இல்லாத ளகரமும் மார்வாரியில் உண்டு. ‘கால்’ என்றால் நேற்று, ‘காள்’ என்றால் பஞ்சம். மழை பொய்த்துப்போகும் தார்ப் பாலைவனத்து மக்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

நமக்கோ மார்வாடி என்றாலே வட்டிக்கடைதான். ஜோத்பூர், நாகௌர், பாலி, பார்மேர் வட்டாரங்களில் இம்மொழியைப் பேசுவோரில் வணிகர்கள் ஒரு சிறு பகுதியினர் மட்டுமே. ஒட்டகம் வளர்க்கும் ரபாரிகளும், உழவர்களான ஜாட்டுகளும், மேக்வால்களும், பரம்பரையாகப் பாட்டையே பிழைப்பாகக் கொண்ட லங்கா, மாங்கணியார் முஸ்லிம்களும் பேசும் மொழி இது. வணிகர்கள் கணக்கெழுத மகாஜனி என்றொரு தனி எழுத்தே வைத்திருந்தார்கள். உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு எழுதுவார்கள் என்பதால், ‘காகாஜி அஜ்மேர் கயா’, அதாவது சித்தப்பா அஜ்மேர் போனார், என்று வந்த கடிதத்தை ‘காகாஜி ஆஜ் மர் கயா’, அதாவது இன்று இறந்துவிட்டார், என்று படித்து வீடே ஒப்பாரி வைத்ததாக ஒரு வேடிக்கைக் கதை உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மார்வாரியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 78 லட்சம் பேர். மார்வாரியையும் அதன் உறவு மொழிகளையும் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயரான ராஜஸ்தானி என்று சொன்னவர்கள் சுமார் 2.58 கோடிப் பேர். இந்தி பேசுவோர் 52 கோடிக்கு மேல் என்று நம்மிடம் நீட்டப்படும் எண்ணுக்குள் இவ்விரு தொகையும் அடக்கம். சாகித்திய அகாதெமி 1974 முதல் ராஜஸ்தானிக்கு விருது வழங்கி வருகிறது; அரசியலமைப்பு ஏற்கும் மொழிகளின் பட்டியலான எட்டாவது அட்டவணையில் அதைச் சேர்க்கக் கோரி மாநிலச் சட்டப்பேரவை 2003இல் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது; அந்த அட்டவணையில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. ராஜஸ்தானியின் வடிவங்களான மார்வாரி, மேவாரி, டூண்டாரி ஆகியவற்றுள் எதைப் பொது வடிவமாகக் கொள்வது என்று கேட்டுத் தட்டிக்கழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினால்தானே பொது வடிவம் உருவாகும்?

இந்தித் திணிப்பை எதிர்க்கும் நாம், இவர்களை ‘இந்திக்காரர்கள்’ என்று அழைத்து, அதே கணக்குக்கு நம் வாயாலேயே வலுச் சேர்க்கிறோம்.

ரசீதை வாங்கும்போது, பேசியது மார்வாரிதானே என்று கேட்டேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று நல்ல தமிழில் கேட்டுச் சிரித்தவர், உள்ளேயிருந்த மகனைக் கூப்பிட்டு நகைப் பையைக் கொண்டுவரச் சொன்னார். மகனிடம் அவர் பேசியது இந்தி.