பீட்சாவுக்கு மாவுதானே உயிர்?

எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்த பீட்சா கடைக்கு ஆசையாகப் போனேன். கண் முன்னாலேயே பாக்கெட்டைப் பிரித்து, ஏற்கெனவே வெந்த வட்ட ரொட்டியை எடுத்து, இனிக்கிற தக்காளி சாஸைத் தடவினார்கள். சீஸ் மட்டும் மலை மாதிரி. ஐந்தே நிமிடத்தில் ஆறி ரப்பராகிவிட்டது. அடிப்பக்கம் அட்டை, வெள்ளை வெளேரென்று.

பீட்சா பிறந்த இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் சேர்த்துப் பிசைந்து, மணிக்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். அப்புறம் 400 டிகிரி செல்சியஸ் தாண்டிய விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிதான். ஓரம் உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழும். ஆரோவில் பக்கம் விறகு அடுப்பு பீட்சாவில் அந்த வாசனை கிடைக்கிறது. தோசை மாவு புளிக்க ராத்திரி முழுக்கக் காத்திருக்கிற ஊரில், பீட்சாவுக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்? இந்தத் தெருமுனைக் கடை பீட்சாவுக்கு 350 ரூபாய் வேறு!